நெத்தலி சுற்றி வந்த தாள்

பத்தொன்பதாயிரத்து எண்ணூற்று ஐம்பது ரூபாய்.

நல்லையா முதலாளியின் நீளக் கொப்பியில், தம்பையா வீட்டுக் கணக்கில் வெள்ளிக்கிழமை வரை நின்ற தொகை அது. அரிசி, மா, தேங்காய் எண்ணெய், தம்பையாவின் இருமல் மருந்து என்று கூடிக்கொண்டே போன கணக்கு. குறைந்ததாக ஒரேயொரு வரிதான் இருந்தது. பழைய கொப்பி நாலு கிலோ, நானூற்று எண்பது.

அந்த ஒரு வரியால்தான் இவ்வளவு வினையும். அதை எழுத வைத்தது யார் என்று அந்த வீட்டில் ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அந்த ஆள் நாலு நாளாக வாய் திறக்கவில்லை.

தாள் வெளியே வந்த கதை வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கும். தேயிலைத் தோட்டத்து எட்டாம் நம்பர் லயத்து யசோதினி, நல்லையா கடையில் கால் கிலோ நெத்தலி வாங்கினாள். சுற்றிக் கொடுத்த தாளை வீட்டில் விரித்தால், உள்ளே பெயர்கள். மேலே 'எச்.ஐ.வி. தொற்று' என்று தலைப்பு. அதன் கீழே மூன்று கட்டம்: பெயர், யாரோடு, முடிவு.

முதல் பெயர் தனுஜா. யாரோடு என்ற கட்டத்தில் கஜேந்திரன், கிஷாந்தன், தயாபரன். முடிவு, தொற்று.

யசோதினி அதை வாசல் இஸ்தோப்பில் நின்று சத்தமாக வாசித்தாள். நெத்தலியைப் பூனை இழுத்துக்கொண்டு போனதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

தனுஜா, தம்பையாவின் ஒரே மகள். பன்னிரண்டாம் வகுப்பு. பள்ளிக்கூடத்து இளைஞர் கழகத்தின் செயலாளர். "அது வெளையாட்டுப்பா. டீச்சர் சொல்லிக் குடுத்த வெளையாட்டு" என்று அன்றைக்கே அழுதாள். யார் கேட்டார்கள்? தண்ணீர்ப் பீலியில் அவள் குடம் வைத்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். தம்பையா அவளுடைய பள்ளிக்கூடத்து வெள்ளைக் கவுனைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டி, சாவியை இடுப்புக் கயிற்றில் முடிந்துகொண்டார்.

"திங்கக்கிழம வரைக்கும் பாப்பேன். சந்தேகம் தீராட்டி கொழும்புக்கு அனுப்பிருவேன். எந்தங்கச்சி வீட்டுல இருந்துக்கிட்டு கார்மெண்ட் வேலைக்குப் போகட்டும்."

இன்று சனிக்கிழமை.

தம்பையாவின் மனைவி ஜெயலெட்சுமி விடியக் கிளம்பினாள். கொழுந்துச் சாக்கை இடுப்பில் கட்டியபடியே சொன்னாள்: "டீச்சர் கூப்பிட்ட பள்ளிக்கூடத்துக் கூட்டத்துக்கு நீங்க போங்க. இன்னைக்குத் தீபாவளி அட்வான்ஸ் குடுக்குறாங்க. நான் வேலைக்கு நிக்காட்டி அதுக்கும் ஒரு கத சொல்லுவானுங்க."

"அந்த டீச்சர்மேல எனக்கு நம்பிக்கை இல்ல" என்றார் தம்பையா. "யாழ்ப்பாணத்துல இருந்து வந்து நம்ம புள்ளைங்களுக்குக் கண்டதையும் சொல்லிக் குடுக்குது."

"நம்பிக்கை இல்லாட்டித்தான் போய்ப் பாக்கணும்."

தனுஜா வாசலை மறித்து நின்றாள். "அம்மா, எம் மேசையில இருந்த கணக்குக் கொப்பிய யாரு எடுத்தா? அதுல மிச்சமிருந்த பக்கத்துலதான் கழகத்துக் குறிப்பு எழுதினேன்."

"எனக்கென்னடி தெரியும்? பெரட்டுல பேர் குடுக்க நேரமாச்சு, வழிய விடு."

ஜெயலெட்சுமி மகளின் முகத்தைப் பார்க்காமலே இறங்கிப் போனாள்.

பத்து மணிக்குப் பள்ளிக்கூட மண்டபத்தில் முப்பது பேர் இருந்தார்கள். தாள் அவர் கடையில் இருந்து வந்ததால் நல்லையாவையும் இழுத்து வந்திருந்தார்கள். அவர் கடைசி ஜன்னல் ஓரமாக நின்றார். தனுஜா மேசைக்குப் பக்கத்தில் தலை குனிந்து நின்றாள்.

செல்வநாயகி டீச்சர் மேசைமேல் பிளாஸ்டிக் கோப்பைகளை அடுக்கினார். எல்லாவற்றிலும் பாதி தண்ணீர்.

"கோவிக்காதேங்கோ. முதல்ல பிள்ளையள் விளையாடின விளையாட்டை நீங்களும் ஒருக்கா விளையாடுங்கோ. பிறகு என்னை ஏசுறதெண்டாலும் ஏசுங்கோ."

தம்பையா கோப்பையை மோந்து பார்த்தார். "இதுல என்னத்தக் கலந்திருக்கீங்க?"

"உங்களைக் குடிக்கச் சொல்லேல்லை அண்ணை. மூண்டு பேரோட தண்ணியை மாத்துங்கோ. நீங்கள் கொஞ்சம் ஊத்துங்கோ, அவையிட்டயும் கொஞ்சம் வாங்குங்கோ. அவ்வளவுதான்."

தம்பையா முதலில் யசோதினியிடம்தான் கோப்பையை நீட்டினார். அவள் சட்டென்று பின்னால் நகர்ந்தாள்.

"ஒங்களோட நான் மாத்த மாட்டேன் அண்ணே."

மண்டபம் முழுக்கக் கேட்டது. தம்பையாவின் காது சிவந்தது. அவள் கங்காணியோடு மாற்றி முடிந்ததும், அவரும் அதே கங்காணியோடு மாற்றினார். பிறகு இன்னும் இரண்டு பேரோடு. யசோதினி அடுத்ததாக லொறி டிரைவரோடும் கோயில் பூசாரியோடும் மாற்றினாள். நல்லையா மட்டும் கோப்பையை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டார்.

"நீங்கள் மாத்தேல்லையோ?"

"நான் பேப்பர் சுத்துனவன் டீச்சர். எனக்கென்ன வெளையாட்டு?"

காயத்துக்குப் போடும் அயடின் போத்தலைத் தனுஜா எடுத்தாள். ஒவ்வொரு கோப்பையிலும் ஒரு சொட்டு. சிலதில் லேசான மஞ்சள்தான் வந்தது. யசோதினியின் கோப்பை கருநீலமாகிப்போனது. கங்காணியுடையதும் அப்படியே. டிரைவர், பூசாரி. கடைசியாகத் தம்பையாவின் கோப்பையும் நீலமாகியது.

"எல்லாக் கோப்பையிலயும் வெறும் தண்ணி. ஒண்டில மட்டும் அயடின் பட்டா நீலமாகிற கஞ்சித் தண்ணி கொஞ்சம். அது யசோதினியின்ர கையில போயிட்டுது" என்றார் டீச்சர்.

"நான்தான் இவளோட மாத்தவே இல்லயே!" என்று கத்தினார் தம்பையா.

"அவ கங்காணியாரோட மாத்தினா. நீங்கள் கங்காணியாரோட மாத்தினீங்கள். கோப்பையைப் பாத்து உங்களுக்குத் தெரிஞ்சுதோ?"

டீச்சர் கரும்பலகையில் மூன்று கட்டம் கீறினார். பெயர், யசோதினி. யாரோடு என்ற இடத்தில் கங்காணி, டிரைவர், பூசாரி மூவரின் பெயர்களும். முடிவு, தொற்று.

 பின்வரிசையில் யாரோ, "ஏ யசோ, பூசாரியுமா?" என்று கேட்க, மண்டபம் வெடித்துச் சிரித்தது.

"ஐயோ டீச்சர், அழிங்க! எம்புருசன் வேலைவிட்டு வந்தா கொன்னுபோடுவாரு!"

"அழிக்கிறன். நீங்கள் வாசிச்ச தாளில இருந்ததும் இதேதான்." டீச்சர் சிரிக்கவில்லை. "இன்னொண்டும் கேளுங்கோ. தண்ணி மாத்தினா இந்த எச்.ஐ.வி. வருத்தம் தொத்தாது. பீலியால வராது, ஒரு கோப்பையில தேத்தண்ணி குடிச்சா வராது, கை தொட்டா வராது. இது கண்ணுக்குத் தெரியாமப் பரவுற விதத்தைக் காட்டுற விளையாட்டு மட்டும்தான். ஒருத்தரை முகத்தைப் பாத்து இருக்கு, இல்லை எண்டு சொல்ல ஏலாது. இரத்தம் சோதிச்சாத்தான் தெரியும். இருந்தாலும் பயப்பட வேண்டாம். ஒழுங்கா மருந்து எடுத்தா மற்ற ஆக்கள் மாதிரியே வாழலாம்."

ஜன்னல் ஓரத்தில் நல்லையா தலையை நிமிர்த்தினார். தனுஜா அதைக் கண்டாள்.

டீச்சர் நெத்தலி நாறும் அந்தத் தாளை மேசையில் நீவி விட்டார். "இது பாதித் தாள். மற்றப் பாதி எங்க?"

"சாமான் சுத்துற தாளுக்கெல்லாம் நான் கணக்கு வச்சிருப்பேனா?" என்று நல்லையா சிரித்தார். கூடச் சிரிக்க யாருமில்லை.

தனுஜா தாளின் கீழ் விளிம்பைப் பார்த்தாள். நேர்கோடாக இருந்தது. நல்லையா முதலாளி தாளை மடித்து, கையால் சர்ரென்று கிழிப்பவர். தோட்டத்துக்கே தெரிந்த சத்தம் அது. இதுவோ பிளேட்டால் வெட்டிய தாள்.

திரும்பி வரும் ஏற்றத்தில் தம்பையா மூச்சு வாங்க நின்றார்.

"வெளையாட்டுத்தான். சரி. எனக்கு வெளங்கிருச்சு. ஆனா இன்னைக்கு வந்தது முப்பது பேரு. வராதவனுக்கு யாரு போய்த் தண்ணி ஊத்திக் காட்டுறது?"

"அப்பா, நான் படிக்கணும்பா."

அவர் இடுப்புக் கயிற்றைத் தடவினார். "சாவிய ஒங்கம்மாகிட்ட குடுத்துர்றேன். அவ தொறந்தா தொறந்ததுதான். என்னைய கேக்காத."

"நீங்க நடங்க. நான் பின்னால வர்றேன்" என்றாள் தனுஜா.

கடையில் நல்லையா தனியாக இருந்தார். தனுஜா வாசற்படிக்கு வெளியிலேயே நின்றாள்.

"மொதலாளி, அந்தப் பாதித் தாள் ஒங்ககிட்டதான் இருக்கு."

"என்ன பேச்சு பாப்பா இது?"

"நீங்க கையாலதான் கிழிப்பீங்க. இது பிளேட்டு. கீழ என்ன இருந்திச்சுன்னு எனக்குத் தெரியும், நான்தானே எழுதினேன். ரத்தம் சோதிக்கிற பதுளை கிளினிக். செவ்வாய், வியாழன், காலையில எட்டு மணி. பேர் கேக்க மாட்டாங்க, நம்பர்தான். காசு இல்ல."

நல்லையா ரோட்டை ஒரு தரம் பார்த்தார். பிறகு சட்டைப் பைக்குள் விரலை விட்டு, எட்டாக மடித்த ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். மடிப்பெல்லாம் வியர்வையில் கறுத்திருந்தது.

"வேணுமின்னு செய்யல பாப்பா. இத வெட்டி எடுத்த கையோட யசோதினி நெத்தலி கேட்டு வந்து நின்னுட்டா. எனக்கு இத மறைக்கிற அவசரம். மேல் பாதியில என்ன இருக்குன்னுகூட பாக்கல. கைக்குக் கெடச்சதுல சுத்திட்டேன்."

"நாலு நாளா என்னைய எப்பிடிப் பேசினாங்கன்னு ஒங்களுக்குத் தெரியும். ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

"சொன்னா, மத்தப் பாதி எங்கன்னு கேப்பாங்களே."

அவள் கோபமாகத் திரும்பிப் போகப் பார்த்தாள். 

"நெசமாவே பேரு கேக்க மாட்டாங்களா?" நல்லையாவின் குரல் இறங்கியிருந்தது.

"கேக்க மாட்டாங்க. நம்பர் போட்ட ஒரு கார்டு குடுப்பாங்களாம்."

"ரெண்டு பேரு போனா?"

"ரெண்டு நம்பர்."

இரண்டாவது ஆள் யார்? கேட்க அவளுக்கு வாய் துடித்தது. ஒருத்தர் சொல்லாததைக் கேட்கக் கூடாது, சொன்னதை வெளியே கொண்டு போகக் கூடாது என்று கழகத்தின் முதல் கூட்டத்தில் கைதூக்கிச் சம்மதித்தவள் அவள். கேட்கவில்லை.

"எங்கொப்பி ஒங்க கடைக்கு எப்பிடி வந்திச்சு? அத மட்டும் சொல்லுங்க. எங்க கழகத்துப் புள்ளைங்க ஒவ்வொருத்தரையும் நான் சந்தேகப்பட்டுக்கிட்டு இருக்கேன்."

"ஒனக்குத் தெரியாதா? ஒங்கம்மாதான் கொண்டாந்து நிறுத்துக் குடுத்தா. நாலு கிலோ. கடன்ல கழிச்சுக்கச் சொன்னா."

தனுஜா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

நல்லையா நீளக் கொப்பியை விரித்தார். சிவப்புப் பேனையால் தம்பையா வீட்டுப் பக்கத்தில் மேலிருந்து கீழே ஒரே கோடாக இழுத்தார்.

"இனி ஒங்க வீட்டுக்குக் கணக்கில்ல."

"ஏன் மொதலாளி?"

"நீ வாய மூடணுமில்ல."

"அதுக்குக் காசு வேணாம். நான் சும்மாவே சொல்ல மாட்டேன்."

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. நல்லையா மடித்த தாளை உள்ளங்கைக்குள் மூடினார். யசோதினி, விரிந்து கிடந்த கொப்பியையும் சிவப்புக் கோட்டையும் தனுஜாவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாலையில் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு ஜெயலெட்சுமி வந்தபோது, நாலு நாளாக அவளுடைய வெற்றிலைப் பையில் கை வைக்காத பெண்கள் இரண்டு பேர் தாங்களாக வந்து பாக்கு கேட்டார்கள். பள்ளிக்கூடத்துக் கதை மலை ஏறி வந்துவிட்டிருந்தது. பூசாரியைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். ஜெயலெட்சுமிக்கும் சிரிப்பு வந்தது. அட்வான்ஸ் காசு, ஐயாயிரத்தில் நாலு நோட்டு, முந்தானை முடிச்சில் இருந்தது. தனுவுக்கு ஒரு பாவாடை சட்டை, அவருக்கு ஒரு சாரம் என்று மனதுக்குள் எடுத்துவிட்டாள்.

அப்போதுதான் யசோதினி பக்கத்தில் வந்து ஒட்டி நின்றாள்.

"அக்கா, நான் ஒண்ணும் சொல்லல. கண்ணால கண்டதத்தான் சொல்றேன். நல்லையா மொதலாளி ஒங்க கடன் பூராவையும் வெட்டிட்டாரு. மத்தியானம் தனு தனியா அங்க நின்னா."

ஜெயலெட்சுமியின் வாயில் வெற்றிலை கசந்தது.

பத்துக் கிராம் சீனி கூட விடாத மனுஷன். தராசுத் தட்டில் ஒட்டிய மாவைத் தட்டி எடுப்பவர். அவர் எதற்கு இருபதாயிரத்தை விடுகிறார்? அதுவும் ஒரு பெண்பிள்ளை தனியாகப் போய் நின்றபோது?

வீட்டுக்கு வந்த வழி அவளுக்கு ஞாபகமில்லை. இஸ்தோப்பில் இருந்த தம்பையா சாவியை நீட்டினார். "டீச்சர் சொன்னது சரிதான் போல. இனி ஒன் இஷ்டம்." வாங்கி முடிந்துகொண்டு, மகளைப் பீலிப் பக்கம் கூட்டிப் போனாள்.

"கடையில என்ன நடந்திச்சு?"

"கேக்காதம்மா."

"கேக்காம? ஒரு ஆம்பள இருபதாயிரத்த சும்மா வெட்டுவானா? ஒன்னயத் தொட்டானா?"

"இல்லம்மா! சத்தியமா இல்ல. நான் வாசல்ல நின்னேன்."

"அப்ப எதுக்குடி வெட்டினான்?"

"அது வேற ஒருத்தங்க விசயம். நான் சொல்ல மாட்டேன்."

"பெத்தவகிட்டயுமா?"

"ஒங்ககிட்டயும்தான்."

ஜெயலெட்சுமியின் கை ஓங்கியது. தனுஜா விலகவில்லை.

"அடிங்கம்மா. ஆனா நாலு கிலோ கொப்பிய நிறுத்துக் குடுத்தது யாருன்னு மத்தியானமே எனக்குத் தெரிஞ்சிருச்சு. அப்பாகிட்ட சொன்னேனா?"

ஓங்கிய கை நின்றது. 

"பழைய கணக்குக் கொப்பின்னு நெனச்சுத்தான்டி..." ஜெயலெட்சுமிக்குக் குரல் உடைந்தது. "நானூத்தி எம்பது ரூவாய்க்கு எம்புள்ள பேர நானே வித்துட்டேன். ஒங்கப்பனுக்குத் தெரிஞ்சா..."

"தெரியாது. நான் சொல்லவும் மாட்டேன். இது எப்பிடியோ, கடையில நடந்ததும் அப்பிடித்தான்."

 ஜெயலெட்சுமி பீலியில் முகத்தைக் கழுவி, முந்தானையால் துடைத்தாள்.

"வா, கடைக்குப் போவோம்."

"எதுக்கும்மா?"

"நீ வா."

நல்லையா விளக்கைப் போட்டுக்கொண்டிருந்தார். ஜெயலெட்சுமியைக் கண்டதும் கொப்பியை மூடப் போனார்.

"மூடாதீங்க மொதலாளி. எங்க கணக்க திரும்ப எழுதுங்க."

"அதான் வெட்டியாச்சே, லெச்சுமி."

"ஒங்க கோடு எனக்கு வேணாம். எழுதுங்க. நான் குடுத்து வெட்டணும்."

அவர் தனுஜாவைப் பார்த்தார். தனுஜா தாயைப் பார்த்தாள். நல்லையா புதுப் பக்கம் ஒன்றை எடுத்து மெதுவாக எழுதினார். பத்தொன்பதாயிரத்து எண்ணூற்று ஐம்பது.

ஜெயலெட்சுமி முடிச்சை அவிழ்த்து நாலு நோட்டையும் மேசையில் வைத்தாள். "ஏன் வெட்டினீங்கன்னு நான் கேக்க வரல. எம்புள்ள சொல்ல மாட்டேங்கிறா, சொல்லவும் வேணாம். ஆனா அவ வாய் மூடியிருந்தா அது அவ கொணம். ஒங்க காசுக்கு இல்ல. அது ஊருக்கும் தெரியணும், ஒங்களுக்கும் தெரியணும்."

"தீபாவளி வருதே..."

"வந்துட்டுப் போகட்டும். இருக்கிறத உடுத்திக்குவோம்."

நல்லையா நூற்றைம்பது ரூபாயை மிச்சம் வைத்தார். அதை அவள் அவர் பக்கமே தள்ளினாள். "உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரம் ஒண்ணு குடுங்க. நாளைக்கு வெள்ளக் கவுன் தோய்க்கணும்."

தனுஜா திரும்பி ரோட்டைப் பார்த்தாள். கண் கலங்கியதை அம்மா காணக் கூடாது என்று.

சவர்க்காரத்தைச் சுற்ற நல்லையா ஒரு தாளை இழுத்தார். முன்பக்கம் வாசித்தார். திருப்பிப் பின்பக்கமும் வாசித்தார். பிறகு தாளைக் கீழே வைத்துவிட்டு, சவர்க்காரத்தை அப்படியே கையில் கொடுத்தார்.

"செவ்வாக்கிழம கட பூட்டு, லெச்சுமி. சாமான் வேணுமின்னா திங்களே வாங்கிக்க."

இருபது வருஷத்தில் செவ்வாய்க்கிழமை அந்தக் கடை பூட்டியதில்லை. ஜெயலெட்சுமி மகளைப் பார்த்தாள். மகள் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னவோ கேட்க வாயெடுத்தாள். கேட்கவில்லை.

"மொதல்ல கணக்க வெட்டுங்க" என்றாள்.

நல்லையா தொகையின் குறுக்கே கோடு இழுத்தார். பக்கத்தில் 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மை காயும் வரைக்கும் ஜெயலெட்சுமி அங்கேயே நின்றாள்.